அரிசி மூட்டையில் வரும் ஆறு

2023-ஆம் வருடத் தொடக்கத்தில் எங்கள் இடக்கொச்சிப் பகுதியில் குடிநீருக்குப் பெரும் கஷ்டம் வந்தது. மேற்குக் கொச்சிக்குத் தண்ணீர் அனுப்பும் பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதாகிவிட்டன. ஒரு பக்கம் வேம்பநாட்டுக் காயல், இன்னொரு பக்கம் அரபிக்கடல், வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. இத்தனையும் இருந்தும் வாசலில் குடங்களை வைத்துக்கொண்டு லாரியை எதிர்பார்த்து நின்றோம்.

"ஏன்னா, லாரிச் சத்தம் கேக்கறது, கொஞ்சம் பாருங்கோ" என்று என் சகதர்மிணி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். கோயம்புத்தூரில் சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். இரண்டு குடங்களைத் தூக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "தாத்தா, நீங்க குழாய்த் தண்ணியை மட்டுந்தான் கணக்குல எடுத்துக்கறேள். உங்க சமையலறைக்கு வர தண்ணில அது இருபதுல ஒரு பங்குகூட இல்லை."

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன். அரசாங்கத்தில் புள்ளிவிவரங்களோடு 34 வருடங்கள் காலம் தள்ளியவன். ஆதாரம் இல்லாத கணக்கை ஏற்பது என் வழக்கம் இல்லை. "யார் சொன்னா?" என்று கேட்டேன். அவள் சொன்ன பெயர் ஹூக்ஸ்ட்ரா. அன்றிலிருந்து அவரைப் பற்றியும் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றியும் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை நம் ஊர்ச் சரித்திரத்தோடு பொருத்திப் பார்த்தபோது பல விஷயங்கள் புதிதாகத் துலங்கின. பல ஊர்களில் வசிக்கும் நம் அங்கத்தினர்களுடன் அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஒரு டச்சுக்காரரின் கணக்கு

ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா 1967-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். அவ்வூர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்து, 1998-இல் டாக்டர் பட்டம் பெற்றார். நெதர்லாந்தின் ஏறக்குறைய கால் பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், அங்கே நீர்ப் பொறியாளர் என்றால் கரை கட்டுவது, வெள்ளத்தை வெளியேற்றுவது என்றுதான் வேலை. இவர் கேட்டது வேறு கேள்வி. ஒரு மனிதன் ஒரு நாளில் உண்பது, உடுப்பது எல்லாவற்றையும் விளைவிக்கவும் தயாரிக்கவும் எங்கெங்கே எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பதே அது.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. லண்டன் பேராசிரியர் டோனி ஆலன் 1990-களின் தொடக்கத்தில் மத்தியக் கிழக்கு நாடுகளைப் பற்றி ஆராய்ந்தார். அங்கே தண்ணீர் இல்லை. ஆயினும் எல்லோரும் பயந்தபடி தண்ணீருக்காகப் பெரும் யுத்தம் மூளவில்லை. காரணம், அவர்கள் கோதுமையை இறக்குமதி செய்துகொண்டார்கள். ஒரு டன் கோதுமை கப்பலில் வந்தால், அதை விளைவிக்க வேண்டிய ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட தண்ணீர் மிச்சம். இப்படிப் பொருளுக்குள் ஒளிந்து பயணம் செய்யும் நீரைத்தான் தமிழில் இப்போது மறைநீர் என்கிறார்கள். ஆலனுக்கு 2008-இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது.

ஆலன் கருத்தைத் தந்தார் என்றால் ஹூக்ஸ்ட்ரா அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். 2002-இல் 'நீர்த்தடம்' என்ற அளவையை அறிமுகம் செய்தார். அசோக் சாப்பகைன் என்ற நேபாள நாட்டு மாணவர் அவரோடு சேர்ந்து நாடு வாரியாக, பயிர் வாரியாகக் கணக்கிட்டார். 2005 முதல் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் நீர் மேலாண்மைப் பேராசிரியராக இருந்த ஹூக்ஸ்ட்ரா, 2008-இல் இதற்கென்றே ஒரு சர்வதேச அமைப்பையும் தோற்றுவித்தார். 2019 நவம்பர் 18-ஆம் தேதி, 52-ஆவது வயதில் திடீரெனக் காலமானார்.

அவர் குழுவினர் தந்த உலக சராசரிகள் சில: ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 2,500 லிட்டர். ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 1,000 லிட்டர். ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,500 லிட்டர். நம்மவர்களுக்கு முக்கியமான விஷயம், ஒரு கப் காப்பிக்கு 140 லிட்டர். தேநீருக்கு 34 லிட்டர்தான். இதைப் படித்துக் காட்டியபோது என் சகதர்மிணி, "அதுக்காகக் காப்பியை நிறுத்தச் சொல்லிடாதேங்கோ" என்றாள். நிறுத்த வேண்டியதில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தியரின் சராசரி நீர்த்தடம் வருடத்துக்கு 1,089 கன மீட்டர் என்பது அவர்கள் கணக்கு. அதாவது தினம் ஏறக்குறைய 3,000 லிட்டர். உலக சராசரி வருடத்துக்கு 1,385 கன மீட்டர். நம் நாட்டில் நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குழாய் நீர் தரவேண்டும் என்பது விதி. 3,000-இல் 135 என்பது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. பேத்தி சொன்ன கணக்கு சரிதான். வாசலில் குடம் வைத்துக் காத்திருந்தது அந்த ஐந்து சதவீதத்துக்காக. மீதி அரிசி மூட்டையிலும் காய்கறிக் கூடையிலும் ஓசையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

பர்மா அரிசியும் ரேஷன் வரிசையும்

கொச்சியும் டச்சுக்காரரும் பழைய பரிச்சயம். 1663-இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1795 வரை இங்கே இருந்தார்கள். மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை என்று இன்றும் அழைக்கப்படுவது போர்த்துகீசியர் கட்டியது, டச்சுக்காரர் புதுப்பித்தது. டச்சு கவர்னர் வான் ரீட் இந்நாட்டு மூலிகைகளை இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி பிராமணர்கள் ஆகியோரின் துணையுடன் தொகுத்தார். அது 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று.

ஆனால் இந்தக் கரையில் எக்காலத்திலும் தேவைக்கு வேண்டிய அரிசி விளைந்ததில்லை. மிளகு, தேங்காய், கயிறு கப்பலேறின. அரிசி கப்பலில் வந்து இறங்கியது. இருபதாம் நூற்றாண்டில் அது பெரும்பாலும் பர்மா அரிசி. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த வரவு ஒரே நாளில் நின்றதுபோல் ஆயிற்று. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் ஏழை ஜனங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. மரவள்ளிக்கிழங்குதான் பல குடும்பங்களின் உயிரைக் காப்பாற்றியது. "பர்மாக்காரன் கையிலேன்னா நம்ம உலை இருந்திருக்கு, அது நின்னப்பறந்தான் தெரிஞ்சுது" என்று என் பாட்டி சொல்லுவாள். மறைநீர் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. விஷயம் தெரிந்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை முழுவதும் மாறவில்லை. 1965-66-இல் பள்ளி மாணவனாக மட்டாஞ்சேரியில் ரேஷன் கடை வரிசையில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அரிசியோடு கோதுமையும் தருவார்கள். கோதுமை ரவையில் உப்புமா செய்யக் கற்றுக்கொண்டது எங்கள் வீடு அந்த நாளில்தான். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ஆம் தேதி தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. காவிரி நீர் நெல்லாகி, நெல் அரிசியாகி, ரயில் ஏறிப் பற்றாக்குறை உள்ள இடங்களுக்குப் போகும் பாதை அப்படி அரசாங்க ரீதியாக ஏற்பட்டது. பின்னர் பஞ்சாபும் ஆந்திரமும் அந்தப் பாதையில் சேர்ந்துகொண்டன.

பெரியாறு மூன்று வழியாக வருகிறது

எனக்கு மிகவும் வியப்பளித்தது பெரியாற்றின் கதை. 1876-78 பஞ்சத்தில் சென்னை ராஜதானி தவித்தது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற பழைய யோசனைக்கு அதன் பின் வேகம் பிறந்தது. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசுக்கும் 999 வருடக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருடத்துக்கு 40,000 ரூபாய் வாடகை. கர்னல் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் வைகைப் படுகைக்குச் சென்று, கம்பம் பள்ளத்தாக்கும் தேனியும் மதுரையும் செழித்தன. 1970-இல் குத்தகைத் தொகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இனிக் கீழே வருவோம். முல்லைப் பெரியாற்றைத் தாண்டி வரும் நீர் இடுக்கியில் தேங்குகிறது. அங்கிருந்து மலைக்குள் இறங்கி, மூலமற்றத்தில் மின்சாரம் தந்துவிட்டு, தொடுபுழை ஆறு வழியாக மூவாற்றுப்புழை ஆற்றில் சேர்கிறது. 1976 முதல் இது நடக்கிறது. அந்த மூவாற்றுப்புழை ஆற்றின் கரையில்தான் பாழூர் நீரேற்று நிலையம் இருக்கிறது. எங்கள் இடக்கொச்சிக் குழாயில் வருவதில் ஒரு பங்கு உண்மையில் பெரியாற்றுத் தண்ணீர்தான்! மீதமுள்ள பெரியாறு ஆலுவா வழியே ஓடுகிறது. 1914 வாக்கில் அங்கே சொவ்வரையிலிருந்து எறணாகுளம், மட்டாஞ்சேரிப் பக்கத்துக்குக் குழாய்நீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் மட்டாஞ்சேரிவாசிகளுக்கு நல்ல தண்ணீர் வள்ளங்களில்தான் வந்தது.

ஆக, பெரியாறு கொச்சிக்கு ஆலுவா வழியாக ஒரு முறை, மூலமற்றம் வழியாக இன்னொரு முறை வருகிறது. மூன்றாவது வழி எது? கிழக்கே திருப்பிவிடப்பட்ட நீர் தேனிப் பக்கத்து வயல்களிலும் தோட்டங்களிலும் வாழைக்காயாகவும் வெண்டைக்காயாகவும் விளைகிறது. குமுளி வழியாக லாரியில் மலையேறி, மீண்டும் எறணாகுளம் சந்தைக்கு வந்து சேருகிறது. பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் மேற்கேயிருந்து கிழக்கே போகும் நீரும் பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய், காய்கறிகளாகத் திரும்பி வருகிறது. ஓணத்துக்கு அவியல் வைக்கும்போது அதில் எத்தனை பங்கு பெரியாறு என்று யார் நினைக்கிறோம்?

முல்லைப் பெரியாறு பற்றி இரு மாநிலங்களுக்கும் இடையே வழக்கும் வாக்குவாதமும் நடந்து வருவதை எல்லோரும் அறிவோம். அணையின் பாதுகாப்பு என்பது பொறியியல் வல்லுநர்களும் நீதிமன்றமும் தீர்மானிக்க வேண்டியது. நான் அதில் தலையிடவில்லை. ஆனால் "நம் தண்ணீரை அவர்கள் கொண்டு போகிறார்கள்" என்று இந்தப் பக்கமும், "நமக்குரியதைத் தர மறுக்கிறார்கள்" என்று அந்தப் பக்கமும் பேசும்போது, போன நீரில் ஒரு பகுதி திரும்பி வந்து அடுப்பில் கொதிக்கிறது என்பதை ஒருவரும் சொல்வதில்லை. தமிழ் பேசிக்கொண்டு மலையாள மண்ணில் தலைமுறைகளாக வாழும் நம்மவர்களாவது அதைச் சொல்லலாம் அல்லவா?

வறண்ட நிலத்திலிருந்து வளமான நிலத்துக்கு

ஹூக்ஸ்ட்ராவின் குழுவினர் இந்தியாவைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். பயிர் வர்த்தகத்தின் மூலம் மாநிலங்களுக்கிடையே வருடத்துக்கு 106 பில்லியன் கன மீட்டர் மறைநீர் பயணம் செய்கிறது என்று 2008-இல் வெளியான ஆய்வு கூறியது. இது நாட்டின் விவசாயம் பயன்படுத்தும் நீரில் 13 சதவீதம். 2009-இல் ஷில்ப் வர்மா முதலானோர் ஹூக்ஸ்ட்ராவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்னொரு விசித்திரத்தைக் காட்டிற்று. தண்ணீர் நிறைந்த இடத்திலிருந்து வறண்ட இடத்துக்குத் தானியம் போவதுதான் நியாயம். நம் நாட்டில் நடப்பது நேர்மாறு. நிலத்தடி நீர் வற்றிவரும் பஞ்சாப், ஹரியானாவிலிருந்து வெள்ளத்தில் மிதக்கும் பிகார் போன்ற கிழக்கு மாநிலங்களுக்குத் தானியம் போகிறது. காரணம் தண்ணீர் அல்ல. தலைக்கு இத்தனை நிலம் என்ற அளவும், நிச்சயமான விலையில் அரசாங்கக் கொள்முதலும்தான்.

கிழக்கே உள்ள நதிகளின் நீரைக் கால்வாய் வெட்டி மேற்கேயும் தெற்கேயும் கொண்டுபோக வேண்டும் என்பது நதி இணைப்புத் திட்டம். அதே சமயம் வறண்ட மாநிலங்களின் நீர் நெல் வடிவில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. முதலில் இதைச் சரிசெய்தால் என்ன என்று அக்கட்டுரை கேட்டது. மத்திய நீர்வளத்துறைச் செயலாளராக இருந்து, 1987 தேசிய நீர்க் கொள்கை உருவாவதில் முக்கியப் பங்கு வகித்த ராமசாமி ஆர். ஐயர் அவர்களும் ஓய்வுக்குப் பின் நதி இணைப்பைப் பற்றிக் கடுமையான கேள்விகளை எழுப்பியவர். 2015-இல் மறைந்த அவர் நம் அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அதிகாரி.

இந்தத் துறை ஹூக்ஸ்ட்ராவோடு முடிந்துவிடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பேராசிரியை அனு ராமசுவாமி, கொலராடோ, மினசோட்டா பல்கலைக்கழகங்களில் பணியாற்றி, 2019-இல் பிரின்ஸ்டன் சென்றார். ஒரு நகரத்தின் உணவு, நீர், எரிசக்தி மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆராய்ச்சி. 2017-இல் அவருடைய குழு டெல்லிக்கு அப்படி ஒரு கணக்குப் போட்டது. நகரின் எல்லைக்கு வெகு தொலைவில் நீர் வற்றினால் நகரின் உணவுக்கு என்ன ஆபத்து என்பதையும் அதில் சேர்த்துப் பார்த்தார்கள். கொச்சிக்கு அப்படி ஒரு கணக்கைப் போட நம் பிள்ளைகளில் ஒருவர் முன்வர மாட்டாரா என்று எனக்கு ஆசை.

எண் மட்டும் போதாது

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர் என்று சொன்னால், எந்த அரிசி என்று கேட்க வேண்டும். இதை ஹூக்ஸ்ட்ராவும் அறிவார். அதனால்தான் அவர் நீரை மூன்று வகையாகப் பிரித்தார். மண்ணில் இறங்கி நிற்கும் மழை ஈரம் பச்சை நீர். ஆறு, ஏரி, கிணற்றிலிருந்து எடுப்பது நீல நீர். அழுக்கை நீர்க்கச் செய்யத் தேவைப்படுவது சாம்பல் நீர். ஒன்றாகக் கூட்டிச் சொல்லும் எண் வழிதவற வைக்கும் என்று பொருளாதார நிபுணர்கள் சிலர் குறை கூறியதும் இதனால்தான். குடகு மலையில் மழையில் வளரும் காப்பிக்குச் செலவாவது பெரும்பாலும் பச்சை நீர். அது யாருடைய குடத்திலிருந்தும் எடுத்ததல்ல. ஆகவே காலைக் காப்பியை நிம்மதியாகக் குடிக்கலாம். பஞ்சாபில் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து இறைத்து விளைத்த நெல்லின் கதை வேறு. நிலத்தடி நீரைக் காப்பாற்றக் கோடையில் சீக்கிரமாக நாற்று நடக்கூடாது என்று அங்கே 2009-இல் சட்டமே போட வேண்டி வந்தது.

நல்ல உதாரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. இடக்கொச்சி, கும்பளங்கி, செல்லானம் பகுதிகளின் உப்பங்கழிகளில் பொக்காளி நெல் உண்டு. மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டதும் மேடு கட்டி விதைப்பார்கள். ஆள் உயரம் வளரும். அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். நவம்பரில் உப்புநீர் ஏறியதும் அதே வயலில் இறால் வளர்ப்பு. தாள் இறாலுக்கு உணவாகிறது; இறால் கழிவு அடுத்த பயிருக்கு உரம். ரசாயன உரமும் இல்லை, பம்ப்செட்டும் இல்லை. 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உப்பைத் தாங்கும் அதன் மரபுக்கூறைக் கொண்டு உலக நெல் ஆராய்ச்சியாளர்கள் புதிய ரகங்களை உண்டாக்குகிறார்கள். யாருடைய நீல நீரையும் தொடாத நெல் இது!

அப்பேர்ப்பட்ட நெல் இன்று சில ஆயிரம் ஹெக்டேருக்குள் சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் 25,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்வார்கள். கேரளத்தின் மொத்த நெல் பரப்பும் 1970-களின் நடுவில் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்து, சுமார் 2 லட்சமாகக் குறைந்தது. வயல்களைத் தூர்ப்பதைத் தடுக்க 2008-இல் சட்டம் வந்தது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. நான் வசிக்கும் வீடும் யாரோ முன்னொரு காலத்தில் தூர்த்த வயல்மீதுதான் நிற்கிறதோ என்னவோ. பிறரைக் குறை சொல்லும்முன் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம்மால் ஆவது

லாரித் தண்ணீர் வந்த அந்த நாட்களில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் எங்களுக்கு மனம் பதைத்தது. ஆனால் கல்யாணப் பந்திகளில் இலையில் மிஞ்சுவதைப் பார்த்து யாரும் பதைப்பதில்லை. 600 பேர் சாப்பிடும் விருந்தில் ஒவ்வொருவர் இலையிலும் 50 கிராம் அரிசியில் வடித்த சாதம் வீணானால் 30 கிலோ அரிசி. ஹூக்ஸ்ட்ரா கணக்குப்படி 75,000 லிட்டர் தண்ணீர்; பத்தாயிரம் லிட்டர் லாரியில் ஏழரை லோடு. சாதம் மட்டும்தான் இது. பாயசத்துக்குப் போன பாலை நான் சேர்க்கவில்லை.

இரண்டு யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன். ஒன்று, நம் சமூக மண்டபங்களில் நடக்கும் விருந்துகளில் கேட்டுக் கேட்டுப் பரிமாறும் பழைய வழக்கத்தை மீண்டும் கொண்டுவருவோம். எல்லாவற்றையும் முன்கூட்டியே இலையில் போட்டு வைப்பது நம் பெரியவர்கள் செய்ததல்ல. இரண்டு, கேரளத்தில் வசிக்கும் அங்கத்தினர்கள் மாதத்தில் ஓரிரண்டு கிலோவாவது பொக்காளியோ பாலக்காட்டு மட்டையோ வாங்கினால், அந்த விவசாயிக்கு வயலைத் தூர்க்காமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். பொக்காளி விலை அதிகம்தான். அந்த விலையில் ஒரு வயலும் சேர்ந்து வருகிறது.

பாழூர் மோட்டார்களைச் சரிசெய்து குழாயில் தண்ணீர் வந்த அன்று பேத்தி கோயம்புத்தூர் திரும்பினாள். வழியில் சாப்பிட அவளுக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள் பாட்டி. பாத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "பாட்டி, இதுல எத்தனை லிட்டர் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. மிச்சம் வெக்காம சாப்பிடு, கண்ணா" என்றாள் பாட்டி.